எல்-1 என்றால் மலிவு என்று யார் சொன்னது? அரசு அலுவலகப் பசுமைக் கொள்முதல், அடிப்படையிலிருந்து

அரசு அலுவலகத்தில் பசுமைக் கொள்முதல் என்று பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "அதான் பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்திட்டோமே, விழாவுக்கு மஞ்சப்பை கொடுத்தோமே" என்பது ஒன்று. "எல்-1க்குத்தான் கொடுக்கணும் சார், நல்ல பொருளா வாங்கினா ஆடிட்ல மாட்டிக்குவோம்" என்பது இன்னொன்று. எல்-1 என்று அவர்கள் சொல்வது மிகக் குறைந்த விலை கேட்டவரை. பண்டகப் பிரிவில் பல ஆண்டுகள் கோப்பு பார்த்தவன் நான். இரண்டாவது பதிலை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று எனக்கு விளங்கியபோது பல நூறு மின்விசிறிகளும் டியூப் லைட்டுகளும் என் கையெழுத்தோடு இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டிருந்தன. புதிதாக அந்த நாற்காலியில் உட்காருபவர்களுக்காகவும், வரி கட்டுகிறவர் என்ற முறையில் இதைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வாங்குவதும் ஊருக்கு வாங்குவதும்

நம் வீட்டுக்கு ஒரு மிக்சி வாங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடைக்காரர் தெரிந்தவர், பொருள் பிடித்திருக்கிறது என்றால் போதும். ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் சாமான் வாங்குவது அப்படியல்ல. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்த பணம் அது. பந்தலுக்கு எவ்வளவு, அன்னதான அரிசிக்கு எவ்வளவு என்று திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்க வேண்டும். "மச்சான் கடையில் வாங்கினேன், நல்லாத்தான் இருந்தது" என்றால் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. நாலு கடையில் விசாரித்தாயா, ஏன் இந்தக் கடை என்று கேட்கும்.

அரசு வாங்குவதும் இப்படித்தான். பொதுப் பணத்தில் பொருளோ சேவையோ வாங்கும் மொத்த நடைமுறைக்குக் கொள்முதல் என்று பெயர். என்ன வேண்டும் என்று அறிவித்து, பல நிறுவனங்களிடமிருந்து எழுத்தில் விலை கேட்பது ஒப்பந்தப்புள்ளி. பேச்சு வழக்கில் டெண்டர். வந்தவற்றில் மதிப்பீட்டின்படி மிகக் குறைந்ததாக நிற்பது எல்-1. 'மதிப்பீட்டின்படி' என்ற சொல்லைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் பாதி அதில்தான் இருக்கிறது.

பசுமைக் கொள்முதல் என்றால் இதே நடைமுறைக்குள், இதே கணக்கு வாசிக்கும் பொறுப்போடு, சுற்றுச்சூழலுக்குக் குறைந்த தீங்கு செய்யும் பொருளைத் தேர்ந்தெடுப்பது. விதியை மீறிச் செய்யும் நல்ல காரியம் அல்ல அது. தனிப்பட்ட அதிகாரியின் இரக்க குணமும் அல்ல.

மளிகைச் சீட்டில் இருக்கிறது சூட்சுமம்

அன்னதானத்துக்கு மளிகைச் சீட்டு எழுதுகிறோம். 'அரிசி 100 கிலோ' என்று மட்டும் எழுதினால் நாலு கடைக்காரர்களில் யார் மலிவான அரிசி வைத்திருக்கிறாரோ அவர்தான் ஜெயிப்பார். குழைந்து போகும் புது அரிசி வந்து சேரும். 'ஒரு வருடப் பழைய பொன்னி புழுங்கல், கல் குருணை கூடாது' என்று எழுதினால் அந்தத் தரத்தை வைத்திருப்பவர்களுக்குள்தான் விலைப் போட்டி. அப்போதும் குறைந்த விலைக்காரரிடம்தான் வாங்குகிறோம், கணக்கும் சுத்தம். மாறியது சீட்டில் எழுதிய ஒரு வரி மட்டும்.

அலுவலகத்தில் அந்தச் சீட்டுக்குப் பெயர் விவரக்குறிப்பு. வாங்கப்போகும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதை அளவுகளோடு சொல்லும் பகுதி. எங்கள் பிரிவில் 'ஸ்பெக்' என்போம். 'சீலிங் ஃபேன், 1200 மி.மீ., 40 எண்ணிக்கை' என்று முன்பு யாரோ எழுதியதை அப்படியே நகலெடுத்து ஆண்டை மாற்றி ஒட்டுவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். அந்த வரியில் மின்சாரம் எவ்வளவு இழுக்கலாம் என்று இல்லாவிட்டால், பிறகு ஒப்பந்தப்புள்ளிக் குழுவில் எவ்வளவு பெரிய அதிகாரி உட்கார்ந்தாலும் பயனில்லை. உறைகளைப் பிரித்த பின் நிபந்தனையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரு பொருள் பசுமையானதா இல்லையா என்பது டெண்டர் வெளிவருவதற்கு முன்பே, ஓர் உதவியாளரின் மேசையில் முடிவாகிவிடுகிறது. அந்த உதவியாளருக்கு அது தெரிவதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆதங்கம்.

விதிகள் தடுக்கின்றனவா?

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குப் பொருந்துவது 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க வேண்டும் என்று அது சொல்வது உண்மைதான். எப்படிக் கண்டறியப்பட்ட குறைந்த புள்ளி என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்கிறது: ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, யார் அளந்தாலும் ஒரே விடை தரக்கூடிய காரணிகளைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய எடை கொடுத்து. அதாவது விலைச்சீட்டில் உள்ள எண் மட்டுமே எல்-1 அல்ல. இந்தப் பிற்பாதியை வாசிக்காமலேயே நாம் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் உள்ளன. மின் சாதனங்கள் வாங்கும்போது, நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை அறிவித்துள்ள அளவிலோ அதற்கு மேலோ, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அந்தத் துறை 2013-லேயே ஆணை போட்டுவிட்டது: மின்விசிறிக்கு 5 நட்சத்திரம், ஏ.சி.க்குச் சாதாரணமாக 5, மாநாட்டு அறை போல எப்போதாவது ஓடும் இடங்களில் 3 போதும். மாநாட்டு அறைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? அதற்குப் பின்னால்தான் பசுமைக் கொள்முதலின் அடிப்படைக் கணக்கு இருக்கிறது.

இதுவரை பார்த்தது: பொதுப் பணத்தில் வாங்கும்போது காரணம் காட்ட வேண்டும், காரணத்தை விவரக்குறிப்பில் முன்கூட்டியே எழுத வேண்டும், அப்படி எழுதினால் விதி குறுக்கே நிற்பதில்லை.

ஒரே விசிறி, மூன்று அறைகள்

இரண்டு மின்விசிறிகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். முதலாவது 1,500 ரூபாய், 50 வாட். இரண்டாவது 2,800 ரூபாய், 30 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை மோட்டார் பொருத்தியது. மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று வைப்போம். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

முதல் அறை, நம் அலுவலகப் பிரிவு. நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள், மொத்தம் 2,000 மணி. 50 வாட் விசிறி 100 யூனிட் எடுக்கும். 30 வாட் விசிறி 60 யூனிட். ஆண்டுக்கு 40 யூனிட், 320 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 1,300 ரூபாய் நான்கு ஆண்டு கடந்த சில வாரங்களில் திரும்பிவிடும். பத்தாண்டு ஓடினால் 'மலிவான' விசிறிக்கு மொத்தம் 9,500 ரூபாய், 'விலை அதிகமான' விசிறிக்கு 7,600 ரூபாய்.

இரண்டாவது அறை, அரசு மருத்துவமனை வார்டு. இரவு பகலாக ஓடும். ஆண்டுக்கு 7,000 மணி என்று வைத்தால் மிச்சம் 140 யூனிட், 1,120 ரூபாய். கூடுதலாகப் போட்ட முதல் ஏறக்குறைய 14 மாதத்தில் திரும்பிவிடும்.

மூன்றாவது அறை, மாதம் ஒரு முறை திறக்கும் கூட்ட அரங்கு. ஆண்டுக்கு 100 மணி. மிச்சம் 2 யூனிட், 16 ரூபாய். 1,300 ரூபாய் திரும்ப 81 ஆண்டு ஆகும்.

பொருள் அதுவேதான், அறைதான் வேறு. வாங்கும் விலை, ஓட்டும் செலவு, பழுது பார்க்கும் செலவு, கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு ஆகிய நான்கையும் கூட்டி வருவதற்கு வாழ்நாள் செலவு என்று பெயர். மாநாட்டு அறை ஏ.சி.க்கு 3 நட்சத்திரம் போதும் என்று ஆணை சொன்னதன் நியாயம் இதுதான். 'பசுமைப் பொருள் எப்போதும் செலவு அதிகம்' என்பதும் சரியில்லை, 'எப்போதும் லாபம்' என்பதும் சரியில்லை. எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்காமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? சோம்பல் என்று ஊழியர் மேல் பழி போடுவது சுலபம். நான் பார்த்தவரை காரணம் கணக்குத் தலைப்புகளில் இருக்கிறது. விசிறி வாங்கும் பணம் ஒரு தலைப்பிலிருந்து வரும், மின்கட்டணம் இன்னொரு தலைப்பில் போகும். பல இடங்களில் மின்கட்டணக் கோப்பைப் பார்ப்பவரே வேறு பிரிவு. பண்டகப் பிரிவு 1,300 ரூபாய் கூடுதலாகச் செலவழித்தால் அந்தச் செலவு அதன் பெயரில் ஏறும். மிச்சமாகும் 1,900 ரூபாய் யார் பெயரிலும் ஏறாது. போதாததற்கு மார்ச் மாதம். 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால், கடைசி இரண்டு வாரத்தில் எது உடனே கிடைக்கிறதோ அதை வாங்குவோம். அந்த நேரத்தில் யாருக்கு மணிக்கணக்குப் போடத் தோன்றும்? விவரக்குறிப்பைச் சீர்செய்யும் வேலையை ஜூன், ஜூலையிலேயே முடித்துவைப்பது ஒன்றுதான் நான் கண்ட வழி.

ஹெல்சிங்கி பேருந்து வழக்கு

மின்சாரத்தை ரூபாயாக மாற்றலாம். புகையையும் இரைச்சலையும் எப்படி மாற்றுவது? அவற்றின் பில் அலுவலகத்துக்கு வருவதில்லை. தெருவில் மூச்சு விடுபவருக்குப் போகிறது.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு பின்லாந்தில் கிடைக்கிறது. ஹெல்சிங்கி மாநகரம் 1997-ல் பேருந்துச் சேவைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. விலைக்கு மதிப்பெண் உண்டு. அதோடு, நைட்ரஜன் ஆக்சைடு புகை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தாலும், இரைச்சல் 77 டெசிபலுக்குக் கீழே இருந்தாலும் கூடுதல் மதிப்பெண் என்று ஆவணத்திலேயே அறிவித்திருந்தது. குறைந்த விலை கொடுத்தது கான்கார்டியா என்ற நிறுவனம். மொத்த மதிப்பெண்ணில் ஜெயித்ததோ எரிவாயுப் பேருந்துகளை வைத்திருந்த மாநகரத்தின் சொந்தப் போக்குவரத்து நிறுவனம். கான்கார்டியா வழக்குப் போட்டது. இந்த மதிப்பெண்ணை எடுக்கக்கூடிய பேருந்துகள் மிகச் சிலரிடம்தான் இருந்தன, இது நியாயமான போட்டியா என்பது கேள்வி.

ஐரோப்பிய நீதிமன்றம் 2002 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழல் அளவுகோல் வைக்கலாம். ஆனால் அது வாங்கும் பொருளோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், ஆவணத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும், வாங்குபவர் இஷ்டத்துக்கு வளைக்க முடியாததாக இருக்க வேண்டும், பாரபட்சம் கூடாது. இவை நிறைவேறினால், சிலரால் மட்டுமே எட்ட முடிகிறது என்பதற்காக மட்டும் அது தவறாகிவிடாது.

'தொடர்புள்ளதாக' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பேருந்தின் புகையை அளக்கலாம். 'ஆண்டுக்கு 500 மரக்கன்று நடும் நிறுவனத்துக்கு 10 மதிப்பெண்' என்று எழுதினால் அது பேருந்தோடு ஒட்டாது. நம்மூரிலும் ஆர்வத்தில் இப்படி எழுதி, பிறகு கோப்பு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆர்வம் நல்லதுதான். அது மரக்கன்றாக இல்லாமல் டெசிபலாக இருக்க வேண்டியிருந்தது.

ஒரு பொருளைச் சுற்றுச்சூழல் நோக்கில் தேர்ந்தெடுக்க இரண்டு கருவிகளைப் பார்த்துவிட்டோம். விவரக்குறிப்பு ஒரு வாசற்படி. அதற்குக் கீழே இருப்பவர் உள்ளே வர முடியாது. மதிப்பெண் ஒரு தராசு. உள்ளே வந்தவர்களுக்குள் மேலானவரை எடைபோடும்.

முத்திரையை நம்பலாமா?

பண்டகப் பிரிவு ஊழியரிடம் டெசிபல் மானி கிடையாது. காகிதத்தில் எவ்வளவு கழிவுக்கூழ் கலந்திருக்கிறது என்று அவரால் சோதிக்க முடியாது. அவருக்காக வேறொருவர் சோதித்து ஒட்டும் அடையாளம்தான் சுற்றுச்சூழல் முத்திரை. உலகில் முதலில் வந்தது ஜெர்மனியின் 'நீல தேவதை', 1978-ல். இந்தியா 1991-ல் ஈகோமார்க் கொண்டுவந்தது. அதன் சின்னம் ஒரு மண்பானை. மண்ணிலிருந்து வந்து, கழிவு வைக்காமல் மண்ணுக்கே போகும் பொருள் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த அரசுச் சின்னம் அது. ஆனால் அந்தப் பானையை எந்தக் கடையில் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். விண்ணப்பித்த நிறுவனங்கள் மிகக் குறைவு. கேட்டு வாங்க ஆளில்லாத முத்திரைக்கு உற்பத்தியாளர் ஏன் செலவழிப்பார்? 2024 செப்டம்பரில் புதிய ஈகோமார்க் விதிகள் வந்துள்ளன. அரசு அலுவலகங்கள் விவரக்குறிப்பில் அதைக் கேட்கத் தொடங்கினால்தான் இந்த முறையாவது பானை கண்ணில் படும்.

நட்சத்திரக் குறியீட்டின் கதை வேறு. மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று ஏ.சி. வாங்கும் எல்லோருக்கும் தெரியும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: நட்சத்திர அளவுகள் அவ்வப்போது கடுமையாக்கப்படும். 2022 ஜூலையில் ஏ.சி.க்கு அப்படி மாற்றியபோது, அதுவரை 5 நட்சத்திரமாக இருந்தவை 4 ஆயின. ஆகவே '5 நட்சத்திரம்' என்று மட்டும் எழுதாமல், எந்த ஆண்டு அளவுப்படி என்பதையும் எழுத வேண்டும்.

முத்திரையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. நெதர்லாந்தின் வட ஹாலந்து மாகாணம் காப்பி இயந்திர ஒப்பந்தம் ஒன்றில் இரண்டு குறிப்பிட்ட முத்திரைகளைப் பெயர் சொல்லிக் கேட்டது. 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்றது. முத்திரைக்குப் பின்னால் இருக்கும் அளவுகளைக் கேட்கலாம், அவற்றை நிரூபிக்க முத்திரையை ஏற்கலாம், ஆனால் அந்த முத்திரை ஒன்றுதான் சான்று என்று கதவை மூடக் கூடாது என்பது அதன் சாரம். நம் மொழியில் சொன்னால், சான்றிதழ் வேண்டும் என்பதை மட்டும் எழுதாதீர்கள், எந்தத் தகுதிக்கான சான்று என்பதையும் எழுதுங்கள். 'அல்லது அதற்கு இணையான சான்று' என்று சேருங்கள்.

310 ரூபாய் பல்பு 38 ரூபாய்க்கு வந்த கதை

"எங்கள் அலுவலகம் 40 விசிறி வாங்கினால் உலகம் மாறிவிடுமா?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 40 விசிறிகளால் சந்தை அசையாது. ஆனால் வாங்குபவர்களில் மிகப் பெரியவர் அரசுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 14 சதவீதம் அரசு அமைப்புகள் வாங்குவதில் போகிறது. அந்தக் கைகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு.

2014-ன் தொடக்கத்தில் எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். மின்துறை அமைச்சகத்தின் கீழ் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இ.இ.எஸ்.எல். நிறுவனம், பல மாநிலங்களின் தேவையை ஒரே கூடையில் சேர்த்துக் கோடிக்கணக்கில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டம் தொடங்கியது. 2016-லேயே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. அந்தத் திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயின. நடந்தது மானியம் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வளவு எண்ணிக்கை நிச்சயம் விற்கும் என்று தெரிந்ததும் உற்பத்தியாளர்கள் துணிந்து முதலீடு செய்தார்கள். எண்ணிக்கை கூடக் கூட ஒரு பல்புக்கான அடக்கவிலை இறங்கியது. உலகச் சந்தையிலும் உதிரிபாக விலை அப்போது குறைந்துகொண்டிருந்தது. இன்று பெட்டிக்கடையில் தொங்கும் எல்.இ.டி. பல்பின் விலையில் அந்த டெண்டருக்குப் பங்குண்டு.

அமெரிக்காவிலும் 1993 ஏப்ரலில் இதேபோல ஒன்று நடந்தது. எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கனத் தரத்துக்கு உட்பட்ட கணினிகளையே மத்திய அலுவலகங்கள் வாங்க வேண்டும் என்று அதிபர் கிளின்டன் ஆணையிட்டார். அரசுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு வகையாகச் செய்வது தயாரிப்பாளர்களுக்குக் கட்டுப்படியாகாது. சும்மா இருக்கும்போது தானாகத் தூங்கும் திரை எல்லோருக்கும் வந்தது.

சாமான் வந்து இறங்கும் நாள்

விவரக்குறிப்பு சரியாக எழுதியும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. லாரி வந்து நிற்கும். மாலை ஐந்து மணி ஆகியிருக்கும். பெட்டிகளை எண்ணி, 'பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். பெட்டிக்குள் இருப்பது கேட்ட வாட்தானா, நட்சத்திரச் சீட்டு எந்த ஆண்டுடையது, மாடல் எண் ஒப்பந்தத்தில் உள்ளதுதானா என்று யாரும் பார்ப்பதில்லை. நாலைந்து பெட்டியையாவது பிரித்துப் பார்த்து, மாடல் எண்ணை ஆற்றல் திறன் பணியகத்தின் பட்டியலோடு ஒப்பிட அரை மணி நேரம் போதும்.

பழைய பொருள் வெளியே போகும் வழியும் கொள்முதலின் பகுதிதான். கழித்துக்கட்டிய கணினிகளை அதிக விலை கேட்ட பழைய இரும்புக்காரருக்கு ஏலத்தில் விடுவது முன்பு வழக்கம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பெரிய அளவில் இவற்றைப் பயன்படுத்தும் அமைப்புகள் பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். புதிய கணினி வாங்கும் ஒப்பந்தத்திலேயே 'பழையதை விதிப்படி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்' என்ற வரியைச் சேர்த்துவிட்டால், பின்னால் ஒரு தனி ஏலக் கோப்பே தேவைப்படாது.

தணிக்கை பற்றிய பயத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். நான் கடைசியாகக் கையாண்ட விசிறிக் கோப்பில் விவரக்குறிப்புக்கு அடுத்த பக்கத்தில் ஒரு தாள் வைத்தேன். மேலே பார்த்த அதே கணக்குதான்: எந்த அறை, ஆண்டுக்கு எத்தனை மணி, யூனிட் விலை எங்கிருந்து எடுத்தது, முதல் திரும்ப எத்தனை ஆண்டு. கூட்ட அரங்குக்கு மட்டும் மலிவான விசிறியே போதும் என்றும் அதில் எழுதியிருந்தேன். தணிக்கைக் குழுவிலிருந்து வந்தவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "இந்த 2,000 மணி எப்படி வந்தது?" என்று கேட்டார். வேலை நாட்கள் 250, நாளைக்கு எட்டு மணி என்றேன். பென்சிலால் ஒரு சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த கோப்பைக் கேட்டார்.